ஏழு சீட்டு வண்டி

"வீட்ல மூணு பேர்தானே சார், ஏழு சீட்டு எதுக்கு?" என்று கேட்டான் கோழிக்கோடு கார் ஷோரூமின் விற்பனையாளன் ராகில்.

"அண்ணனோட நாலு பிள்ளைங்களும் இனி எங்ககூடத்தான். அவரோட ரப்பர் தோட்டத்தையும் நான்தான் பார்த்துக்கணும்," என்றார் ஷைஜு.

"அண்ணன் கல்ஃபுக்குப் போறாரா?"

ஷைஜு சிரித்தார்.

"பழைய சின்ன காரை எக்ஸ்சேஞ்ச் போடலாமே?"

"அதை அண்ணனுக்குக் குடுத்துட்டேன். பிள்ளைங்களை எங்க வீட்ல விட்டுட்டு, அண்ணியோட வயநாடு போயிருக்கார்."

கைப்பேசி அடித்தது. அண்ணன்தான்.

"எடா ஷைஜு, மலை இறங்கப் போறோம். வண்டியில ஏதாவது பார்த்துக்கணுமா?"

"ஒண்ணுமில்ல ஏட்டா. தைரியமா இறங்குங்க."

கணினியில் பழைய காரின் சர்வீஸ் விவரத்தைப் படித்த ராகில் நிமிர்ந்தான்.

"சார், பிரேக் எப்ப வேணா போயிடும், வண்டிய எடுக்கவே கூடாதுன்னு போன வாரம் எழுதிக் குடுத்திருக்காங்களே. மாத்திட்டீங்கதானே?"

ஷைஜு புது வண்டியின் பின்கதவைத் திறந்து பார்த்தார்.

"கடைசி சீட்லயும் பிள்ளைங்களுக்குக் கால் இடிக்காது."