யாழ்ப்பாணத்து முடிவு

நவம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. பாரிஸின் லா ஷப்பல் பகுதி மீன்கடையில் பாரை வெட்டிக்கொண்டிருக்கும் டொமினிக்கின் கத்தி நடுமுள்ளில் நின்றுவிடுகிறது. சுவர்த் தொலைக்காட்சியில் இலங்கைத் தேர்தல் முடிவு ஓடுகிறது. யாழ்ப்பாண மாவட்டத்தில் முதல்முறையாக, சிங்களவர் தலைமையிலான தெற்கத்திக் கட்சி முதலிடம். தமிழ்க் கட்சிகள் அதற்குக் கீழே. பெட்டியில் உருகும் ஐஸ் தரையில் சொட்டுவது கேட்கிறது. "ரீவி பழுதோ அண்ணை? தலைகீழாக் காட்டுது," என்கிறாள் மீன் வாங்க வந்த றொஷானி. அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. தராசின் மேல் சாய்த்து வைத்த கைபேசி ஒளிர்கிறது. ஊரிலிருந்து வீடியோ அழைப்பில் அக்கா மேரிறோஸ். புருஷனை இராணுவம் கூட்டிக்கொண்டு போன நாளிலிருந்து வாக்குச்சாவடிப் பக்கமே போகாதவள். மழை விட்ட வெயிலில், ஒரு கையால் கொடியில் சேலையை இழுத்து விரிக்கிறாள். அந்த இடது கை விரலில், நகத்தைச் சுற்றி, ஊதா மை. தேவாலயப் பூசையில் குருவானவர் அப்பத்தை உயர்த்தும்போது பார்ப்பதுபோல, மூச்சை அடக்கிக்கொண்டு அதையே பார்க்கிறான் டொமினிக்.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாய்? சாப்பிட்டனியோ?"

"அக்கா," அவன் குரல் இறங்குகிறது, "நீங்களும் அந்தத் தெற்கத்திக் கட்சிக்கோ போட்டனீங்கள்?"