சூடம் அணைத்த கை

இதை நான் நேரில் பார்க்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருக் கருத்தம்மாள் அக்கா சொன்னது. பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

முனீஸ்வரிக்கும் ஹஃப்ஸாவுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. ராஜபாளையத்தில் ஒரே பேண்டேஜ் கம்பெனியில் வேலை. ஒருவரையொருவர் விரும்புகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டில் கூடும் காது கேளாத கூட்டாளிகளுக்கு அது தெரியும். மற்றவர்களுக்கு வெறும் சிநேகிதிகள்.

இருவரும் இருப்பது முனீஸ்வரி வீட்டில். அம்மா பாண்டிசெல்வியின் எதிரிலேயே கையால் கொஞ்சுவார்கள், சண்டை போடுவார்கள். அம்மாவுக்குக் கைப்பேச்சு தெரியாது என்கிற தைரியம்.

"முந்தியாவது பிள்ளை கையப் பாத்துக்கிட்டு இருப்பா. இப்ப ஒரு வருசமா, அதுக பேச ஆரம்பிச்சாலே சுவத்துப் பக்கம் திரும்பிக்கிடுதா. கல்லு மனசு" என்றார் அக்கா.

போன மாதம் தாய்மாமன் குருசாமி தளவாய்புரத்தில் ஒரு மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்தார். முனீஸ்வரி மாட்டேன் என்று தலையாட்டினாள்.

அவர் தங்கையிடம் திரும்பினார். "ஏட்டி, ரெண்டும் புருஷன் பொஞ்சாதி மாதிரி இருக்குன்னு கம்பெனில பேசுறாக. உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"எனக்கென்னண்ணே தெரியும்? அதுக கை ஆட்டுறது எனக்கு விளங்காது."

ஹஃப்ஸா அப்போது அழுதுகொண்டே கையால் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இப்ப என்ன சொல்லுது?"

"பசிக்குதோ என்னவோ."

குருசாமி தட்டில் சூடம் ஏற்றினார். "விளங்காதுன்னு அய்யனார் மேல சத்தியம் பண்ணு. பண்ணலைன்னா அந்தப் பிள்ளை இன்னைக்கே பெட்டியக் கட்டணும்."

பாண்டிசெல்வி தினமும் கோவிலுக்குப் போகிறவர். செத்த நேரம் சூடத்தையே பார்த்தார். பிறகு உள்ளங்கையால் அணைத்தார்.

"ஒரு சொல்லுகூட விளங்காதுண்ணே."

அய்யனார் மேல் செய்த சத்தியத்துக்கு மேல் கேட்க குருசாமிக்கும் பயம். கிளம்பிப் போய்விட்டார். ஹஃப்ஸா இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

"பெத்த மக பாஷை தெரியாதுன்னு சாமி மேல சத்தியம் பண்ணுதா. இவல்லாம் ஒரு தாயா?" என்று முடித்தார் அக்கா.

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனாலும் கேட்டதை அப்படியே எழுதப் பயமாக இருந்தது. ராஜபாளையத்தில் சைகை மொழி சொல்லித்தரும் டீச்சரிடம் போய், இந்த அம்மாவை யாரும் வகுப்புக்குக் கூப்பிடவில்லையா என்று விசாரித்தேன்.

இரண்டு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் வருகிறாராம். மகளுக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாராம். இப்போது புதிதாக வரும் அம்மாமார்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே அவர்தானாம்.