வேலை இல்லை

வேலைவாய்ப்புக் கணக்கெடுப்புக்கு வீடு வீடாக ஏறி இறங்கிய செண்பகவல்லிக்கு ஒரு வீட்டின் கதவைத் திறந்தவள் பள்ளித்தோழி ஹேமலதா. பத்தாம் வகுப்பில் கணக்குப் பரீட்சையை இவளைப் பார்த்து எழுதித் தேறியவள்.

"என்ன வேலைடி பாக்குற?" கைப்பேசியில் விவரம் குறித்துக்கொண்டே கேட்டாள் செண்பகவல்லி.

"டேட்டா அனலிஸ்ட். நீங்க வெயில்ல கேட்டுட்டு வர்றத நாங்க ஏசியில உக்காந்து அலசுவோம். நாட்டுல எத்தன பேருக்கு வேல இருக்குன்னு நாங்கதான் சொல்லணும்."

செண்பகவல்லிக்கு வயிறு எரிந்தது. அவளுடைய தற்காலிக வேலை இந்த மாதத்தோடு முடிகிறது. கைப்பேசியில் ஹேமலதாவின் பெயருக்கு எதிரே 'வேலை இல்லை' என்று தொட்டு, அனுப்பியும் விட்டாள். மனம் குளிர்ந்தது.

வாசல்வரை வந்த ஹேமலதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த வார்டு விவரம் என் மேசைக்குத்தான்டி வரும். வந்ததும் மொதல்ல எங்க வீட்டத்தான் தேடுவேன்."

கையை உருவிக்கொள்ளவும் தோன்றாமல் செண்பகவல்லி நின்றாள்.