மண்டபத்துப் பாட்டு

"செத்தோம்டா ஜமீரு" என்றார் பேண்டு செட் வேதகிரி.

ஜமீர் மவுஸைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் அவன் பிரவுசிங் சென்டர். முத்துவேலின் கல்யாண மண்டபத்துக்கு வெப்சைட் செய்திருந்தான். திறந்தால் தானாகப் பாட்டு வரும். கம்ப்யூட்டர் புரோகிராம் ஒரு பைத்தியம், பாட்டு இன்னொரு பைத்தியம் அவனுக்கு. இரண்டையும் சேர்த்துவிட்டான்.

வேதகிரி கொடுத்த கேசட்டில் ஒரு பக்கம் கல்யாணத்துக்கு வாசித்தது. மறுபக்கம் சாவுக்கு. இரண்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றியவன், சைட்டில் சாவுப் பக்கத்தை மாற்றிப் போட்டுவிட்டான். அன்றைக்கு ஸ்பீக்கர் ரிப்பேர். கேட்டுப் பார்க்கவில்லை. மடையன்.

இப்போது ஸ்பீக்கர் பாடியது. கிளாரினெட் அழுதது.

"முனியனைத் தூக்கிக்கினு போறப்ப வாசிச்சதுடா இது! ஊரே பின்னால நடந்துச்சே! இதையா மண்டபத்துக்குப் போட்டே?"

கடையைப் பெருக்கிக்கொண்டிருந்த ராணியம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முனியனின் சம்சாரம். அதே மண்டபத்தில் இருபது வருஷம் கரண்டி பிடித்தவன் முனியன்.

"மாத்துடா சீக்கிரம்!"

"மாத்திக்கினுதாண்ணே கீறேன். போன் லைன் கட்டாயிடுச்சி, நெட்டு வரல!"

வெளியே புல்லட் சத்தம் வந்து நின்றது.

முத்துவேல்.

கல்யாண வீடியோவில் தன் தலை பாதி வெட்டுப்பட்டதற்காகக் கேமராவைத் தரையில் அடித்த மனுஷன். ஜமீரின் கடையும் அவர் கட்டடம்தான். மங்களமான மண்டபத்துக்குச் சாவுப் பாட்டு! இன்றைக்குக் கடை போகுமா, கை போகுமா?

ஜமீரின் கை ஸ்பீக்கரை நோக்கிப் பாய்ந்தது.

"நிறுத்தாத!"

வாசலில் முத்துவேலின் குரல்.

முத்துவேல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். நெட் பார்க்க வந்த இரண்டு பேர் சத்தமில்லாமல் நழுவினார்கள்.

"மொதலாளி... அது வந்து..."

"வாய மூட்றா."

பாட்டு முடிந்தது. மறுபடி ஆரம்பித்தது. வேதகிரி வாசலைப் பார்த்தார். ஓடலாமா என்று கால் கேட்டது. ஆனால் வாசலில் புல்லட் நின்றது.

முத்துவேல் கண்ணைத் திறந்தார்.

"யார்றா வாசிச்சது?"

"நா... நாந்தானுங்க" என்றார் வேதகிரி.

"சோக்கா கீதுய்யா!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நெஞ்சுக்குள்ள பூந்து புடிக்குது. அங்க பாரு, ராணியம்மாளே கண்ணத் தொடைச்சிக்கினு கீது. டேய் ஜமீரு, இந்தப் பாட்ட மாத்தினே, கைய ஒடிச்சிடுவேன்."

"ச... சரிங்க மொதலாளி."

முத்துவேல் எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பினார்.

"ஏன் வேதகிரி, இந்த ஊர்ல நான் கேக்காத வாசிப்பா? இத மட்டும் கேட்டதே இல்லியே. புதுசா?"

வேதகிரி தலையைக் குனிந்துகொண்டார். ஜமீர் கீபோர்டைப் பார்த்தான்.

ராணியம்மாள்தான் துடைப்பத்தை ஊன்றி எழுந்தாள்.

"பழசுதாங்க. எங்க வூட்டுக்காரரு சாவுல வாசிச்சது. நீங்கதான் வரல."