நான்காவது வரி

செட்டிங்ஸ் கோப்பு செங்கமலத்தைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று அவள் அதன் மூன்று வரிகளுக்குக் கீழே நான்காவதாக ஒன்றை எழுதிவிட்டு, தனக்குள் சிரித்தபடி கணினியை மூடினாள்.

மறுபடி திறந்தவர் அவள் கணவர். எழுதியவற்றின் பழைய வடிவங்களையும் காத்து வைக்கும், எப்படி நடக்க வேண்டும் என்பதை அந்தக் கோப்பில் படித்துக்கொள்ளும் கருவிக்கு அவர் ஒரு கட்டளை தட்டினார்.

"தம்பி, அழிக்கச் சொல்றார். அம்மா எழுதின கதையெல்லாம் அடியோட போகுது" என்றது கருவி, கோப்பிடம்.

"ஐயோ அண்ணே! தன் பழைய கடிதங்களை அழிக்க வந்தவர், பட்டியல்ல பக்கத்து வரியைப் பார்த்து அடிச்சிட்டார். நிறுத்துங்க!" என்று பதறியது கோப்பு.

"சொன்னதைச் செய்யிறவன் நான். நாலு வரிப் பயல் நீ, எனக்குப் புத்தி சொல்றியா?"

"நான் சொல்லலை. அழிக்கிறதுக்கு முன்னாடி எப்பவும் கேட்கணும்னு அம்மா எழுதி வச்சிருக்காங்க. நாலாவது வரியைப் படிங்க."

கருவி முணுமுணுத்துக்கொண்டே படித்தது. பிறகு திரையில் அதை அப்படியே கேட்டது: "கண்ணாடி போட்டிருக்கீங்களா?"

அவர் எழுந்து போய்க் கண்ணாடியை எடுத்து வந்தார். திரையை வெகுநேரம் பார்த்துவிட்டு, 'அழிக்க வேண்டாம்' என்று தட்டினார்.

செட்டிங்ஸ் கோப்பில் இன்றும் நான்கு வரிகள் இருக்கின்றன.