காலியாகாத டிஸ்க்

“ரோஷனக்கா, பழைய கல்யாணம் எல்லாத்தையும் அழிச்சிட்டேன்னு சொன்னீங்கள்ல?”

“அழிச்சிட்டேன் சார்.”

“அப்ப டிஸ்க்கில ஏன் இடம் வரலை?”

ரோஷன் பேகம் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். மன்னார்புரத்தில் ஆசீரின் ஸ்டுடியோவில் ஆல்பம் டிசைன் செய்கிற அந்தம்மா, இதுவரை ஒரு கேள்விக்கும் இப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டதில்லை.

லால்குடியில் நேற்று எடுத்த பந்தக்கால் வீடியோவைக் காலையில் டிஸ்க்கில் இறக்கப் போனபோதுதான் ‘இடமில்லை’ என்று கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தது. வெள்ளிக்கிழமை அதே வீட்டுக் கல்யாணம். இரண்டு கேமரா ஓடும். அதை எங்கே கொண்டுபோய் இறக்குவது?

ஆசீரின் காதில் பூ சுற்றுவது லேசான காரியமில்லை. வருஷம், அதற்குள் மாதம், அதற்குள் மாப்பிள்ளை பெண் பேர் என்று ஃபோல்டர் கட்டி வைத்திருக்கிற மனிதர். ஆல்பத்தைக் கொடுத்து ஒரு வருஷம் ஆனால் அந்தக் கல்யாணத்தை அழித்துவிட வேண்டும் என்பது அவர் கடை வழக்கம். நிஜமாகவே அழித்தால் டிஸ்க்கில் இடம் கூடும். அழிக்காமல், அதே டிஸ்க்கில் வேறொரு ஃபோல்டருக்குள் தள்ளிவிட்டால், பழைய இடத்தில் காணாமல் போகும். ஆனால் விலாசம் மட்டும்தான் மாறியிருக்கும். ஒரு துளி இடமும் கூடாது. இந்த வித்தை தனக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டார்களே என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

எந்த ஃபோல்டர் பெரிசு என்று தேடிப் பார்த்தார். எழுத்துருக்கள் வைக்கிற ஃபோல்டர் வயிறு வீங்கிக் கிடந்தது. அதற்குள் ‘பழசு’. அதற்குள் ‘வேண்டாதது’. அதற்குள்ளே, அழித்ததாகச் சொன்ன அத்தனை கல்யாணமும் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது.

எதற்கு ஒளித்து வைத்தார்கள் என்பதற்கும் அவரிடம் பதில் தயாராக இருந்தது.

சித்திரையில் லால்குடியிலிருந்து வீரமலை என்கிற விவசாயி வந்தார். அப்பா தவறிவிட்டாராம். தன் கல்யாணத்தில் அவர் சிரித்தபடி நிற்கிற படம் ஒன்று வேண்டும் என்றார். வருஷம் தாண்டிவிட்டது, அழித்தாயிற்று என்று ஆசீர் கையை விரித்துவிட்டார். மனுஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டே படியிறங்கிப் போனார்.

நேற்றுப் பந்தக்கால் நட்டது அதே வீரமலையின் வீட்டில்தான், அவர் தங்கைக்கு. கூடத்துச் சுவரில் மாலை போட்ட ஃப்ரேமுக்குள் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். ஆசீர் தன் கையால் எடுத்த படம். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்ல காரியம் நடக்கிற இடத்தில் கேட்க வேண்டாமென்று பேசாமல் வந்துவிட்டார். கிளம்பும்போது வீரமலை ஒரு வாழைத்தாரை வண்டியில் ஏற்றிவிட்டார். தன் கைவண்ணத்துக்குக் கிடைத்த மரியாதை என்று ஆசீர் எடுத்துக்கொண்டார்.

இன்றைக்குக் கணக்கு நேராகிவிட்டது. முதலாளி இல்லையென்று திருப்பி அனுப்புகிற படத்தை, வேலைக்காரி பின்வாசல் வழியாக விற்கிறார்.

அந்தம்மாவின் சம்பளத்தில்தான் அவர்கள் வீட்டில் உலை கொதிக்கிறது. ஆசீருக்கும் அது தெரியும். அதற்காகத் திருட்டைப் பொறுத்துக்கொள்ள முடியுமா? இன்றோடு கணக்கை முடித்து அனுப்பிவிடுவது என்று தீர்மானித்தார். அதையும் சாட்சி வைத்துக்கொண்டே செய்ய நினைத்தார். மண்டப வாசலில் வைக்கிற ஃப்ளெக்ஸுக்குப் பொண்ணு மாப்பிள்ளை படம் தர வீரமலை வருவதாகச் சொல்லியிருந்தார்.

வந்தார். உட்காரக்கூட விடவில்லை ஆசீர்.

“வீரமலை, உங்கப்பா படம் யார்கிட்ட வாங்கினீங்க? இவங்க முன்னாடியே சொல்லிடுங்க.”

வீரமலை இரண்டு கையையும் கூப்பினார்.

“என்னங்க சார், தெரியாத மாதிரி கேக்கறீங்க? அன்னிக்கு என்னை அனுப்பிட்டு, மனசு கேக்காம நீங்களே உக்காந்து தேடி எடுத்தீங்களாமே. காசு வாங்கக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டீங்கன்னு அக்காதான் படத்தைப் போன்ல அனுப்பினாங்க.”

ஆசீர் திரும்பிப் பார்த்தார். ரோஷன் பேகம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காது மடல் மட்டும் சிவந்திருந்தது.

“அப்ப... இந்தக் கல்யாணத்தை என்கிட்ட குடுத்தது?” ஆசீர் மறுபடி வீரமலை பக்கம் திரும்பினார்.

“எங்க ஊர்லயே ரெண்டு ஸ்டுடியோ இருக்குங்க சார். நீங்கதான் யார் வீட்டுப் படத்தையும் அழிக்க மனசு வராத ஆளுன்னு உங்ககிட்ட வந்தோம்.”