பெத்லகேமில் திற்பரப்பு

"இயேசு பாலன் பிறக்க இன்னும் மூணு நாளு கெடக்கு. என் ஆடு இப்பமே பெத்துட்டு. அந்த வைக்கோல இங்க தாங்க!"

எலிசா வீட்டின் பின்னாலிருந்த ஆட்டுக் கொட்டகையிலிருந்து வந்த வேகத்தில் முற்றத்துக் கோழிகள் சிதறின. முழங்காலிட்டிருந்த ஜெயசிங் திரும்பவில்லை. ஜெபம் ஒன்றுமில்லை. கணவர் பெத்லகேமுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் லீவு போட்டுக் கட்டிய கிறிஸ்துமஸ் குடில். அதில் திற்பரப்பு அருவி மோட்டாரில் விழுந்தது. பேச்சிப்பாறை அணை இருந்தது. ரயில்கூட ஓடியது. மாட்டுத் தொழுவத்துக்குத்தான் இடம் போதாமல், அது அணைக்குப் பின்னால் ஒதுங்கி நின்றது.

"வைக்கோல எடுத்தா தொழுவம் எப்பிடிட்டி தொழுவமா இருக்கும்? வாலிபர் சங்கத்துப் பயலுவ இப்பம் குடிலுக்கு மார்க்கு போட வருவானுவ. போன வருசம் சுந்தரராஜுகிட்ட தோத்துட்டு நான் சர்ச்சுல தலை நிமுந்து இருந்தேனா?"

"பெரிய ஒலக அழிவு! இங்க ரெண்டு குட்டியில ஒண்ணு எழும்பவே மாட்டேங்குது. பனியில காலு வெறச்சுப் போச்சு. சூடு கெடைக்காட்டா விடியுறதுக்குள்ள போயிரும்."

"சாக்கப் போட்டு மூடு."

"சாக்க எல்லாம் நீங்கதான மலை செய்ய எடுத்திய! சரி, கோழிக்குஞ்சுக்குப் போட்டிருந்த பல்பு எங்க?"

ஜெயசிங் அருவியைச் சரிசெய்வதில் மும்முரமானார். பல்பு பெத்லகேமின் வானத்தில் நிலாவாக எரிந்துகொண்டிருந்தது.

"கொள்ளாம், ரொம்ப நல்லாருக்கு! உசிருள்ள குஞ்சு குளுருல கீச்சு கீச்சுன்னு கெடக்கு. பிளாஸ்டிக் ஒட்டகத்துக்கு நூறு வாட்டுல சூடு!"

எலிசா நிலாவைக் கழற்றினாள். வைக்கோலை அள்ளினாள். போகிற போக்கில் ஒரு மலையையும் உருவிக்கொண்டாள்.

"ஏட்டி, ஒரு மணிக்கூர் பொறுட்டி!"

"அத ஆட்டுக்கிட்ட வந்து சொல்லுங்க. குட்டி எழும்பாம நான் அங்கருந்து எழும்ப மாட்டேன்."

போனவள் போனவள்தான். ஜெயசிங்குக்கு அழுகையே வந்துவிட்டது. மலை இருந்த இடத்தில் இரண்டு பெயின்ட் வாளிகள் கவிழ்ந்து கிடந்தன. ராஜாக்கள் மூவரும் இருட்டில் வழி தெரியாமல் நின்றார்கள். அருவி மட்டும் வெட்கமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது.

சற்று நேரத்தில் வாலிபர் சங்கச் செயலாளர் ஸ்டெனி நான்கு பையன்களோடு வந்து நின்றான். ஜெயசிங் மொபைல் டார்ச்சை அடித்துக்கொண்டு ஓடினார்.

"வாங்க தம்பி, வாங்க. லைட்டு கொஞ்சம் மக்கர் பண்ணுது. இருக்கதா நெனச்சுப் பாத்துக்கிடுங்க."

"இது என்னது அண்ணே?"

"குடிலு!"

ஸ்டெனி பையன்களைப் பார்த்தான். பையன்கள் வாளியைப் பார்த்தார்கள்.

"இது வேறயா? நாங்க சுந்தரராஜ் அண்ணன் வீட்டுலருந்து ரப்பர் தோட்டம் வழியா குறுக்கால வந்தோம். பின்னால இருக்கதப் பாத்து அப்பமே மார்க்கு போட்டாச்சு. உசிருள்ள ஆடு, கோழி, குஞ்சு, வைக்கோலு... நாங்க பாத்துட்டு நிக்கும்போதே குட்டி எழும்பிப் பாலு குடிச்சுது அண்ணே! இப்பிடி ஒரு குடில் நம்ம சபையில யாரும் செஞ்சதில்ல. முதல் பரிசு உங்களுக்குத்தான்."

ஜெயசிங் அவசரமாக டார்ச்சை அணைத்தார்.

"ஒரே ஒரு குறைதான்," ஸ்டெனி குரலைத் தாழ்த்தினான். "மரியாளா எலிசாக்காவ இருத்துனது சரிதான். ஆனா, 'கதவச் சாத்துங்கல, குளுரு உள்ள கேறுது'ன்னு எங்களப் பாத்துக் கத்துனாவளே, மரியாள் அப்பிடிச் சொன்னதா பைபிள்ல எங்கயும் இல்லியே அண்ணே?"